"அப்ப நான் குடுத்ததுதானா கண்ணு?" - ஒரு மரபணுவும் எங்கள் வீட்டின் நான்கு தலைமுறையும்

மனித உடலில் இருக்கும் மிகப்பெரிய மரபணுக்களில் ஒன்றின் பெயர் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு லாரி ஏறிய அப்பாவுக்கும் தெரியும். அந்த மரபணு உருவாக்கும் புரதத்தின் பெயர் டிஸ்ட்ரோபின். அம்மா அதை 'டிஸ்டோபின்' என்பார். அப்பா 'அந்தக் கயிறு' என்பார். அக்கா மகனுக்கு வயது 7. அவன் எப்படிச் சொல்வான் என்று கேட்டால், "எங்கிட்ட இல்லாதது" என்பான்.

அவன் நிஜப் பெயர் வேண்டாம். வீட்டில் கூப்பிடுவதுபோல குட்டான் என்றே எழுதுகிறேன். இதை எழுத அக்காவும் மச்சானும் சம்மதித்தார்கள். எழுதச் சொன்னதே அக்காதான்.

குட்டானுக்கு இருப்பது டுஷேன் தசைச்சிதைவு நோய். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 3,500 முதல் 5,000 பேரில் ஒருவருக்கு வருகிறது. நான் பிளஸ் டூவில் காமர்ஸ் படித்தவள். பிறகு ஜர்னலிசம் டிப்ளமோ. செல், மரபணு என்றெல்லாம் பத்தாம் வகுப்போடு மறந்துபோயிருந்தேன். இப்போது இந்த ஒரு மரபணுவைப் பற்றி மட்டும் யார் கேட்டாலும் அரை மணி நேரம் பேசுவேன்.

லாரியும் தார்ப்பாயும்

நம் செல் ஒவ்வொன்றுக்குள்ளும் ஆக்டின் என்ற புரதம் இருக்கிறது. 1942-ல், உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, ஹங்கேரியில் புருனோ ஸ்ட்ராப் என்ற விஞ்ஞானி இதைத் தசையிலிருந்து பிரித்தெடுத்தார். ஆக்டின் மெல்லிய இழைகளாகக் கோத்து நிற்கும். செல்லுக்கு வடிவம் கொடுப்பது, செல்லை நகரவைப்பது, தசையைச் சுருங்கவைப்பது என்று அதற்கு ஏகப்பட்ட வேலை. ஆனால், தனியாக எதுவும் செய்யாது. அதைப் பிடித்துக்கொள்ள, வெட்ட, கட்ட, வேறொன்றோடு இணைக்க என்று நூற்றுக்கும் மேற்பட்ட புரதங்கள் கூடவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றுதான் டிஸ்ட்ரோபின்.

டிஸ்ட்ரோபின் ஒரு நீளமான புரதம். ஒரு முனை தசைச் செல்லின் உள்ளே ஓரமாக இருக்கும் ஆக்டின் இழைகளைப் பிடித்துக்கொள்கிறது. மறுமுனை செல்லின் மேலுறையில் இருக்கும் புரதக் கூட்டத்தோடு இணைந்திருக்கிறது. தசை சுருங்கும்போதும் விரியும்போதும் அந்த மெல்லிய உறை இழுபடும். டிஸ்ட்ரோபின் அந்த இழுவையைத் தாங்கி, உறை கிழியாமல் பார்த்துக்கொள்கிறது.

இதை அப்பாவுக்கு எப்படிச் சொல்வது? நாமக்கல் பக்கம் எங்கள் ஊரில் எதைச் சொன்னாலும் லாரியில் வைத்துச் சொன்னால்தான் நிற்கும். "லோடு ஏத்தி தார்ப்பாய் போட்டுட்டு, கயிறு கட்டாம விட்டா என்னப்பா ஆகும்?" என்று கேட்டேன்.

"பத்து கிலோமீட்டர் தாண்டறதுக்குள்ள அடிச்சு அடிச்சுக் கிழிஞ்சு போயிரும்."

"அவனுக்கு அந்தக் கயிறு இல்லப்பா."

அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப வண்டி நல்லாருக்குது, சரக்கு நல்லாருக்குது, கயிறு மட்டும்தான் இல்லீங்கற" என்றார். மூன்று வருடங்களில் நான் கேட்ட விளக்கங்களில் இதைவிடச் சுருக்கமானது வேறில்லை.

தசைப் புரதங்களை எல்லாம் சேர்த்து எடை போட்டால், அதில் டிஸ்ட்ரோபினின் பங்கு லட்சத்தில் 2 தான். அந்த இரண்டு பங்கு இல்லாவிட்டால் தசை உறை கிழிகிறது. வெளியிலிருந்து கால்சியம் உள்ளே புகுகிறது. உள்ளே இருக்க வேண்டிய பொருள்கள் ரத்தத்துக்குக் கசிகின்றன. உடம்பு சும்மா இருப்பதில்லை. கிழிந்ததைச் சரிசெய்துகொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் சரிசெய்யும் செல்கள் களைத்துப்போக, தசை இருந்த இடத்தில் கொழுப்பும் நாரும் நிறைகின்றன. இந்த நோய் உள்ள பிள்ளைகளின் கெண்டைக்கால் பெருத்துத் தெரிவதற்கு இதுவும் காரணம். குட்டானுக்கு மூன்று வயதானபோது, "பயில்வான் கால்" என்று நாங்கள் எல்லோரும் கொஞ்சினோம்.

கல்லீரலில் தேடிய நோய்

நாலு வயதில் அடிக்கடி விழ ஆரம்பித்தான். மாடிப்படி ஏற யோசித்தான். தரையிலிருந்து எழுந்திருக்கும்போது, முதலில் கையை முட்டியில் ஊன்றி, பிறகு தொடையில் ஊன்றி, தன் உடம்பின் மேலேயே ஏறுவதுபோல எழுந்தான். இப்படி எழுவதற்கு மருத்துவத்தில் ஒரு பெயரே உண்டு. 1879-ல் இதை விவரித்த வில்லியம் கோவர்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவரின் பெயரால் 'கோவர்ஸ் அறிகுறி' என்கிறார்கள். எங்களுக்கு அது தெரியாது. "சோம்பேறி, தாத்தா மாதிரி எந்திரிக்கறான்" என்று சிரித்தோம்.

காய்ச்சலுக்காக எடுத்த ஒரு ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி, எஸ்.ஜி.பி.டி இரண்டும் அதிகமாக வந்தன. கல்லீரல் பிரச்னை என்றார்கள். ஏழு மாதம் அதற்கே மருந்து, பத்தியம், ஸ்கேன். கூடவே ஊரில் கீழாநெல்லி. கல்லீரலில் ஒரு குறையும் இல்லை. அந்த இரண்டு என்சைம்களும் தசையிலும் இருக்கின்றன. தசை கிழிந்தால் அவையும் ரத்தத்தில் ஏறும் என்பதை அங்கே யாரும் யோசிக்கவில்லை.

பிறகு வேறொரு ஊரில் ஒரு குழந்தை மருத்துவர், அவனைத் தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னார். இரண்டு முறை பார்த்தார். சி.பி.கே என்று ஒரு பரிசோதனை எழுதினார். கிரியாட்டின் கைனேஸ் என்ற என்சைமின் அளவு அது. சாதாரணமாகச் சில நூறுக்குள் இருக்க வேண்டும். குட்டானுக்கு 14,000-ஐத் தாண்டியிருந்தது.

அடுத்து மரபணுப் பரிசோதனை. ரிசல்ட்டில் ஒரே ஒரு வரி: 48, 49, 50 எக்ஸான்கள் இல்லை.

அக்கா பழம் வாங்கி வந்தா

எக்ஸான் என்றால்? டிஸ்ட்ரோபின் மரபணுவை ஒரு பெரிய புத்தகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் சுமார் 22 லட்சம் எழுத்துகள். ஆனால், கடைசியில் செல் பயன்படுத்தும் பிரதியில் இருப்பது 14,000 எழுத்துகள்தான். அவை 79 துண்டுகளாகப் புத்தகம் முழுக்கச் சிதறிக்கிடக்கின்றன. அந்தத் துண்டுகள்தாம் எக்ஸான்கள். செல் முழுப் புத்தகத்தையும் ஒருமுறை படியெடுத்து, வேண்டாததை வெட்டி, 79 துண்டுகளை ஒட்டுகிறது. ஒரு பிரதி எடுத்து முடிக்க 16 மணி நேரம் ஆகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவு பெரிய புத்தகம் என்பதாலேயே பிரதி எடுக்கும்போது தவறு நேரும் வாய்ப்பும் அதிகம்.

79-ல் மூன்று போனால் இவ்வளவு பாதிப்பா என்று மச்சான் கேட்டார். நானும் அதையேதான் முதலில் நினைத்தேன். விஷயம் எத்தனை போனது என்பதில் இல்லை. செல் இந்த எழுத்துகளை மூன்று மூன்றாகத்தான் படிக்கும். தமிழில் ஒரு வாக்கியம் பார்ப்போம்.

அக்கா பழம் வாங்கி வந்தா.

எல்லாமே மூன்றெழுத்துச் சொற்கள். இதிலிருந்து 'பழம்' என்ற சொல்லை முழுதாக எடுத்துவிடுங்கள். 'அக்கா வாங்கி வந்தா.' என்ன வாங்கினாள் என்று தெரியவில்லை, ஆனாலும் அர்த்தம் இருக்கிறது. இப்போது 'அக்கா'விலிருந்து 'க்' ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடி மூன்று மூன்றாகப் படியுங்கள். 'அகாப ழம்வா ங்கிவ ந்தா.' ஒரே எழுத்து போனதற்கு முழு வாக்கியமும் நாசம்.

மரபணுவிலும் இதே கணக்குதான். விடுபட்ட எழுத்துகள் மூன்றின் மடங்காக இருந்தால், குட்டையான டிஸ்ட்ரோபின் ஒன்று உருவாகும். ஓரளவு வேலை செய்யும். அது பெக்கர் தசைச்சிதைவு என்ற, மிதமான வகை நோய். மூன்றின் மடங்காக இல்லாவிட்டால் புரதமே உருவாகாது. அது டுஷேன். குட்டானின் 48, 49, 50 இரண்டாவது ரகம்.

டுஷேன் என்பது ஒரு பிரெஞ்சு மருத்துவரின் பெயர். 1860-களில் இந்த நோயை விரிவாக எழுதிவைத்தவர். இதற்குக் காரணமான மரபணுவை அடையாளம் காண அதன் பிறகு நூற்றாண்டுக்கும் மேல் ஆனது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் லூயி குங்கெல் குழுவினர் 1986-ல் மரபணுவையும், அடுத்த வருடம் எரிக் ஹாஃப்மேனோடு சேர்ந்து புரதத்தையும் கண்டுபிடித்தார்கள். டிஸ்ட்ரோபின் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, 1989-ல், எங்கள் மாமன் இறந்துபோனார்.

கிரகணத்தின் மேல் போட்ட பழி

அம்மாவின் அண்ணன். நான் பார்த்ததில்லை. சாகும்போது வயது 18. அம்மாவுக்கு அப்போது 15. "கால் வராமப் போச்சு, அப்பறம் கையும் வரலை, கடைசியில மூச்சு வாங்கிச்சு" என்பதுதான் மாமனைப் பற்றி எங்களுக்குச் சொல்லப்பட்ட மொத்தக் கதை. போட்டோ ஒன்று இருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். கெண்டைக்கால் மட்டும் பெரிதாக இருக்கும்.

அம்மாயி, அதாவது அம்மாவின் அம்மா, அவரைப் பதினாலு வயதுவரை இடுப்பில் தூக்கிச் சுமந்திருக்கிறார். டூரிங் டாக்கீஸுக்குக்கூடத் தூக்கிப் போவாராம். குலதெய்வத்துக்கு வேண்டாத வேண்டுதல் இல்லை. கோயிலில் பூ கேட்டார்கள். வைத்தியரிடம் எண்ணெய் வாங்கினார்கள். கடைசியில் ஊர் ஒரு காரணத்தைக் கண்டுபிடித்தது. மாமனை வயிற்றில் வைத்திருந்தபோது அம்மாயி கிரகணத்தைப் பார்த்துவிட்டார். அதனால்தான் பிள்ளைக்கு இப்படி. இதை முதலில் சொன்னது அம்மாயியின் மாமியார். கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தாராம். அம்மாயியும் அதை நம்பினார். அம்மாவும் அக்காவும் கர்ப்பமாக இருந்தபோது, கிரகணம் என்றாலே ஜன்னலுக்குப் போர்வை கட்டுவார். காரணம் இப்போதுதான் எங்களுக்குப் புரிகிறது.

குட்டானின் ரிசல்ட் வந்த பிறகு அக்காவையும் பிறகு அம்மாவையும் பரிசோதித்தார்கள். இருவரிடமும் அதே 48, 49, 50 இல்லாத மரபணு ஒன்று இருந்தது. டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும் இன்னொன்று பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். ஆணுக்கு ஒரே எக்ஸ், அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. அதில் பழுது இருந்தால் மாற்று இல்லை. இப்படிப் பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வர 50 சதவிகித வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் தன்னைப்போலவே சுமப்பவளாக இருக்க 50 சதவிகித வாய்ப்பு. ஒவ்வொரு பிரசவத்திலும் காசைப் புதிதாகச் சுண்டிவிடுகிறார்கள்.

என் தம்பிக்கு நல்ல பக்கம் விழுந்திருக்கிறது. அவனுக்கு 23 வயது. ஞாயிறு முழுக்க கிரிக்கெட் ஆடுகிறான். அவனிடம் இருக்கும் ஒரே எக்ஸ் நல்ல எக்ஸ் என்பதற்கு அதுவே சாட்சி. அவன் பிள்ளைகளுக்கு அவனிடமிருந்து இந்த நோய் போகாது.

சொந்தத்தில் கட்டினால்தான் இப்படி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். வேறு பல மரபணு நோய்களுக்கு அந்தக் கவலை சரி. இதற்குப் பொருந்தாது. அக்கா வெளியில்தான் கட்டிக்கொடுக்கப்பட்டாள். இன்னொன்று, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இது குடும்பத்தில் யாருக்குமே இல்லாமல், புதிதாக நேர்ந்த எழுத்துப்பிழையால் வருகிறது. அப்படிப் பார்த்தால் யார் வீட்டுக் கதவையும் இது தட்டலாம்.

ஆனால், அக்காவின் மாமியாருக்கு இதெல்லாம் வேண்டியிருக்கவில்லை. "உங்க வம்சத்துல இருந்து வந்ததுதானே?" என்றார். மச்சான் அன்றைக்கு மட்டும் கோபப்பட்டார். "இவ வேணும்னா குடுத்தா?" என்று கேட்டார். அதன் பிறகு அந்த வீட்டில் அந்தப் பேச்சு அடங்கியது. நின்றுவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

அம்மாயியிடம் சொன்ன நாள்

அம்மாயியிடம் சொல்ல வேண்டும் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். முப்பது வருடத்துக்கும் மேலாக ஒரு மனுஷி, தான் வானத்தைப் பார்த்ததால் பிள்ளை செத்தான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அது அப்படியில்லை என்று யாராவது சொல்ல வேண்டாமா?

திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். மரபணு, எக்ஸ், அச்சுப்பிழை, காசு சுண்டுவது எல்லாம். கடைசியில், "கெரகணத்துனால இல்லீங்க அம்மாயி. அது உங்க உடம்புல பொறந்ததுல இருந்தே இருந்திருக்குது. உங்களுக்கே தெரியாம மாமனுக்கும் அம்மாவுக்கும் போயிருக்குது" என்றேன்.

அம்மாயி வெற்றிலையை மடிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அப்ப நான் குடுத்ததுதானா கண்ணு?"

கிரகணமாவது வெளியில் இருந்தது. அதன்மேல் பாதிப் பழியைப் போட முடிந்தது. இப்போது நான் முழுவதையும் அவர் உடம்புக்குள் கொண்டுவந்து வைத்திருந்தேன். எனக்கு உடனே பதில் வரவில்லை.

பிறகு நிதானமாகச் சொன்னேன். பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் தன் அப்பா, அம்மா இருவரிடமும் இல்லாத 60, 70 புதிய எழுத்து மாற்றங்களோடுதான் பிறக்கிறது. எனக்கும் இருக்கும், அடுத்த வீட்டுக்காரருக்கும் இருக்கும், அக்காவின் மாமியாருக்கும் இருக்கும். பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத இடத்தில் விழும். நம் குடும்பத்தில் யாரோ ஒருவருக்கு அது கயிறு இருக்கும் இடத்தில் விழுந்துவிட்டது. அது அம்மாயியாக இருக்கலாம், அவர் அம்மாவாக இருக்கலாம், அதற்கும் முன்னால் யாராகவும் இருக்கலாம். யாரும் எதையும் தேர்ந்தெடுத்துக் கொடுப்பதில்லை.

அம்மாயி ஏற்றுக்கொண்டாரா என்று தெரியவில்லை. "தெரிஞ்சிருந்தா பாவம் அவனை அத்தன எண்ணெ குடிக்கச் சொல்லியிருக்க மாட்டேன்" என்று மட்டும் சொன்னார். ஆனால், அடுத்த வாரத்திலிருந்து பஸ் ஏறி அக்கா வீட்டுக்கு வர ஆரம்பித்தார். பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தபடி குட்டானின் குதிகால் நரம்பை நீட்டிவிடுவது இப்போது அம்மாயியின் வேலை. முப்பது எண்ணுவார். அவன் இருபத்தஞ்சிலேயே "முப்பது!" என்று கத்துவான். அம்மாயி மறுபடி இருபத்தாறிலிருந்து எண்ணுவார்.

ஊசி எப்போ வரும்?

டிஜிட்டல் டெஸ்க்கில் இருப்பதால், 'ஒரே ஊசியில் குணம்' என்கிற செய்திகள் தினமும் என் கண்ணில் படும். உறவினர்களும் அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அதனால், உண்மையில் எது எங்கே இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

முழு டிஸ்ட்ரோபின் மரபணுவை உடம்புக்குள் அனுப்ப முடிவதில்லை. மரபணுவைச் சுமந்துசெல்லப் பயன்படும் வைரஸ் மிகச் சிறியது. சுமார் 4,700 எழுத்துகள்தான் அதில் கொள்ளும். அதனால், ஆக்டினைப் பிடிக்கும் முனை, உறையைப் பிடிக்கும் முனை, நடுவில் கொஞ்சம் என்று சுருக்கி, 'மைக்ரோ டிஸ்ட்ரோபின்' செய்தார்கள். நீளக் கயிற்றை வெட்டி, இரண்டு பக்கமும் கொக்கி மாட்டிய குட்டைக் கயிறு. 2023-ல் அமெரிக்கா இதை அனுமதித்தது. விலை 32 லட்சம் டாலர். 2025-ல், நடக்க முடியாத நிலையிலிருந்த இரண்டு பிள்ளைகள் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு கல்லீரல் செயலிழந்து இறந்தார்கள்.

இன்னொரு வழி, குட்டானுக்கு நேரடியாகப் பொருந்துவது. 48, 49, 50 போனதால் மூன்றின் கணக்கு பிசகியது. 51-வது துண்டையும் செல் தாண்டிப் போகும்படி செய்தால் கணக்கு மறுபடி நேராகிவிடும். வாக்கியம் குட்டையாகும், ஆனால் படிக்க முடியும். இதற்கான முதல் மருந்தை அமெரிக்கா 2016-ல் அனுமதித்தது. அதனால் உருவாகும் டிஸ்ட்ரோபினின் அளவு மிகக் குறைவு என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆண்டுக்குக் கோடிக்கணக்கில் செலவாகும். ஆண்டுதோறும், ஆயுள் முழுக்க.

இப்போதைக்குக் குட்டான் சாப்பிடுவது ஸ்டீராய்டு. நோயை அது நிறுத்தாது. நடக்கும் காலத்தைச் சில ஆண்டுகள் நீட்டிக்கும். முகம் உப்பும், உயரம் கூடாது, பசி எடுத்துக்கொண்டே இருக்கும். முன்பெல்லாம் இந்தப் பிள்ளைகள் மாமனைப்போலப் பதின்பருவத்தின் முடிவிலோ, இருபதின் தொடக்கத்திலோ போய்விடுவார்கள். இதயத்துக்கும் மூச்சுக்கும் சரியான கவனிப்பு கிடைப்பதால் இன்று முப்பதைத் தாண்டி வாழ்பவர்கள் இருக்கிறார்கள். அந்த வருடங்களுக்குள் என்னென்ன வரும் என்று யாரால் சொல்ல முடியும்?

எடுத்தால்தானே சொல்லணும்

போன வருடம் எனக்கு ஒரு வரன் வந்தது. ஜாதகம் பொருந்தியது. அவரும் நானும் போனில் பேசினோம், பிடித்தது. எனக்கோ அதற்குள் பரிசோதனை எடுத்துவிட வேண்டும் என்று இருந்தது. அம்மா தடுத்தார். "எதுக்குக் கண்ணு இப்ப? எடுத்தாத்தான சொல்லோணும்?"

அம்மாவின் பயம் எனக்குப் புரிந்தது. அக்காவுக்கு அந்த வாய்ப்பே இருக்கவில்லை. தெரிந்திருந்தால், கர்ப்பத்தின் தொடக்க வாரங்களிலேயே குழந்தைக்கு இந்தப் பழுது இருக்கிறதா என்று பார்க்க முடிந்திருக்கும். இப்படியான மரபணு நோய்களுக்காகக் கருவைப் பரிசோதிக்க நம் சட்டம் அனுமதிக்கிறது. பார்த்த பிறகு என்ன முடிவெடுத்திருப்பாள் என்று நான் அக்காவிடம் கேட்டதில்லை. கேட்கவும் மாட்டேன். குட்டான் இருக்கும் வீட்டில் கேட்கும் கேள்வியா அது? ஆனால், தெரியாமல் இருப்பது என்ன செய்யும் என்று மட்டும் அவளைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

ரத்தம் கொடுத்தேன். ரிசல்ட் வர மூன்று வாரம். 48, 49, 50. நானும் சுமக்கிறேன்.

அன்றிரவே அவருக்கு போன் செய்து சொன்னேன். இரண்டு கேள்வி கேட்டார். "உங்களுக்கு ஏதும் ஆகாதுல்ல?" என்பது ஒன்று. "குழந்தைக்கு முன்னாடியே பார்க்க முடியுமா?" என்பது இன்னொன்று. இரண்டுக்கும் தெரிந்ததைச் சொன்னேன். வீட்டில் பேசிவிட்டுச் சொல்வதாகச் சொன்னார். பத்து நாள் கழித்து அவர்கள் வீட்டிலிருந்து தகவல் வந்தது. ஜாதகம் பொருந்தவில்லையாம்.

அம்மா என்னைத் திட்டவில்லை. இரண்டு நாள் சரியாகப் பேசவுமில்லை. மூன்றாம் நாள் சமையலறையில், "அவங்க வேண்டாம்னு சொன்னது உன்னைய இல்ல" என்றார். அம்மா தன்னைத்தான் சொல்லிக்கொள்கிறார் என்று தோன்றியது. பொருந்தாத ஜாதகம் என்று சொன்னதில் எனக்கு வருத்தம் உண்டு. சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டிருந்தால் இருந்திருக்கும் பாரத்தை நினைக்கையில், இது சின்ன வருத்தம்தான். அடுத்த வரனுக்கும் சொல்வேன். இதோ, இதைப் படிப்பவர்களுக்கும் சொல்லிவிட்டேன்.

இதைப் படிக்கும் அம்மாக்களுக்கு

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ மூன்று, நாலு வயதுப் பையன் அடிக்கடி விழுந்தால், நுனிக்காலில் நடந்தால், மாடிப்படிக்குத் தயங்கினால், தொடையில் கை ஊன்றி எழுந்தால், குழந்தை மருத்துவரிடம் "சி.பி.கே பார்க்கலாமா?" என்று கேளுங்கள். செலவு அதிகமில்லாத ரத்தப் பரிசோதனை அது. கல்லீரல் என்சைம் அதிகம் என்று சொல்லி, கல்லீரலில் ஒன்றும் காணவில்லை என்றாலும் அதையே கேளுங்கள்.

நோய் உறுதியானால், அம்மாவின் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் மரபணு ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. கோவையில் எம்.டி.சி.ஆர்.சி என்ற மையம் இந்த நோய்க்கான மரபணுப் பரிசோதனை, ஆலோசனைப் பணிகளில் பல ஆண்டுகளாக இயங்கிவருகிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தசைச்சிதைவு நோயும் ஒரு பிரிவு. அதனால், அடையாள அட்டை வாங்க முடியும். தமிழ்நாடு அரசின் மாதாந்திரப் பராமரிப்பு உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். சேலத்தில் ஆதவ் அறக்கட்டளையைத் தொடங்கிய வானவன் மாதேவி, வல்லபி இருவரும் தசைச்சிதைவு நோயோடு வாழ்ந்தபடியே மற்றவர்களுக்காக அதை நடத்திய அக்கா தங்கைகள். வானவன் மாதேவி 2017-ல் மறைந்தார். இந்த நோயோடு ஒரு பொதுவாழ்க்கை இருக்க முடியும் என்று அக்கா நம்பத் தொடங்கியது அவர்களைப் பற்றித் தெரிந்துகொண்ட பிறகுதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்களைப்போலச் சுமக்கும் பெண்களில் சிலருக்கு, வெளியே ஒன்றும் தெரியாமலேயே இதயத் தசை பலவீனமாகலாம். அதனால், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எக்கோ எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மருத்துவர். வீட்டில் இவ்வளவு பேசியும், இதுவரை அம்மாவுக்கும் அக்காவுக்கும் ஒருமுறைகூட எடுத்ததில்லை. எல்லோருடைய கண்ணும் குட்டானின் காலில் இருந்தது.

அடுத்த மாதம் முதல் சனிக்கிழமை மூன்று பேருக்கும் அப்பாயின்மென்ட் வாங்கியிருக்கிறேன். விஷயம் கேள்விப்பட்டு அம்மாயி போன் செய்தார். "எனக்கும் சேத்து ஒரு சீட்டுப் போட்டு வை கண்ணு. நானும் பாத்துக்கறேன்" என்றார். நாலு பேராக மாற்றிவிட்டேன்.